பழைய வளவு வீட்டில் ஈஎஸ்பி32 கொண்டு வைஃபை அளக்கிறேன்: பட்டியல் ஏன் ஒவ்வொரு முறையும் மாறுகிறது?

பட்டாலைவாசகன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

காரைக்குடிக்கு அருகில் எங்கள் பங்காளிகள் எல்லோருக்கும் பொதுவான பழைய வீடு ஒன்று இருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடந்த வீடு. பெரியப்பாவின் சம்மதத்தோடு அதன் பின்பகுதியான இரண்டாங்கட்டில் உள்ள நீண்ட கூடத்தை, தெருப்பிள்ளைகள் மாலையில் வந்து படிக்கும் வாசகசாலையாக மாற்றியிருக்கிறேன். புத்தகங்களோடு பழைய மடிக்கணினிகள் சிலவும் உண்டு. இணைய இணைப்பு தெருவிலிருந்து முகப்பு வழியாக வந்து, முகப்பை அடுத்த கூடமான பட்டாலையில் இருக்கும் ரவுட்டரில் முடிகிறது. பட்டாலையில் எல்லாம் தடையின்றி ஓடுகிறது. வளவு என்கிற நடு முற்றத்தைக் கடந்து இரண்டாங்கட்டுக்குள் நுழைந்துவிட்டால் மடிக்கணினிகள் இணைப்பைப் பிடிப்பதும் விடுவதுமாக இருக்கின்றன. பாடக் காணொளியைப் பாதியில் விட்டுவிட்டுப் பிள்ளைகள் எழுந்து போவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புமாக ஒரு முழக் கனம். துளை போடுவதற்கில்லை. ஓர் ஆணி அடிப்பதென்றாலும் பங்காளிகள் அத்தனை பேரையும் கேட்டாக வேண்டும், அது நியாயமும்கூட. ஆகவே இரண்டாவது ரவுட்டரை எங்கே வைப்பது என்பதை ஊகத்தில் தீர்மானிக்காமல், அளந்து பார்த்துத் தீர்மானிக்க விரும்பினேன்.

கையில் இருப்பவை ஈஎஸ்பி32 என்ற, வைஃபை வசதியுள்ள சிறு மின்னணுப் பலகை ஒன்று, சிறிய ஓலெட் திரை, ஒரு பவர் பேங்க். இத்தகைய பலகைகளுக்கு நிரல் எழுத உதவும் ஆர்டுயினோ மென்பொருளோடு வரும் வைஃபை ஸ்கேன் (அருகிலுள்ள வலையமைப்புகளைத் தேடிப் பட்டியலிடுவது) எடுத்துக்காட்டு நிரலை எடுத்து, முடிவுகளைத் திரையில் காட்டும்படி மாற்றியிருக்கிறேன். அது ஓடுகிறது. ஆனால் அது சொல்வதை எவ்வளவு நம்புவது என்று புரியவில்லை.

கருவியை ஒரே மேசையில் அசைக்காமல் வைத்திருக்கும்போதே முதல் ஸ்கேனில் 9 வலையமைப்புகள், அடுத்ததில் 14, அதற்கடுத்ததில் 11 என்று காட்டுகிறது. என் ரவுட்டரின் சிக்னல் அளவு ஒரு முறை -71, இன்னொரு முறை -79, பிறகு -68. கைப்பேசியில் தெரியும் ஒரு பெயர் இதில் வருவதே இல்லை. பக்கத்து வீட்டார் தமிழில் பெயர் வைத்திருக்கிறார்கள். அது திரையில் வெறும் கிறுக்கலாகத் தெரிகிறது. சில சமயம் ஸ்கேன் தொடங்கிய உடனேயே பலகை தானாக மறுதொடக்கம் ஆகிறது; கணினியில் செருகிப் பார்த்தால் மின்னழுத்தம் தாழ்ந்துவிட்டதாகச் செய்தி வருகிறது.

இவற்றில் எது கருவியின் குறை, எது காற்றின் இயல்பு? இந்த எண்களை நம்பி ரவுட்டரின் இடத்தை முடிவு செய்யலாமா?

---

அலைமானி எழுதியது:

தம்பி, வணக்கம். நான் வானொலி ஒலிபரப்பு நிலையத்தில் பொறியியல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நிலையத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் மானியோடு போய் அலையின் புலவலிமையை அளப்பது என் பணியின் ஒரு பகுதி. அலைவரிசை வேறு, அளக்கும் ஒழுங்கு ஒன்றுதான். அதனால் உங்கள் கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஊகிக்காமல் அளக்க வேண்டும் என்று நினைத்தீர்களே, அதுதான் சரியான தொடக்கம்.

உங்கள் பலகையில் குறை ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை. அந்த எண்கள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை என்பதைப் பிரித்துப் பார்த்துவிட்டால் அவற்றைத் தாராளமாக நம்பலாம்.

பட்டியல் மாறுவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு ரவுட்டரும் தன் பெயரையும் விவரங்களையும் ஒரு சிறு அறிவிப்பாகத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கிறது. இதைத்தான் பீக்கன் என்கிறார்கள். வழக்கமான இடைவெளி 102.4 மில்லிவிநாடி, அதாவது விநாடிக்கு ஏறக்குறைய பத்து அறிவிப்பு. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் நம் நாட்டில் 13 சேனல்கள் இருக்கின்றன. உங்கள் பலகைக்கு இருப்பது ஒரே ஒரு செவி. ஒரு நேரத்தில் ஒரு சேனலைத்தான் கேட்கும். ஒவ்வொன்றிலும் சற்று நேரம் நின்று, கேட்டதைக் குறித்துக்கொண்டு, அடுத்ததற்குப் போகிறது. அது மூன்றாம் சேனலில் நிற்கும் நேரத்தில் பதினோராம் சேனலில் யார் கூவினாலும் அதற்குக் கேட்காது. நின்ற சேனலிலும் இரண்டு அறிவிப்புகள் ஒரே கணத்தில் மோதிக்கொண்டால் இரண்டுமே சிதைந்துபோகும். வலுவான ரவுட்டர் தப்பாமல் பட்டியலில் வந்துவிடும். விளிம்பில் இருப்பவை, -85, -90 என்ற அளவில் இருப்பவை, ஒரு முறை வரும், மறுமுறை வராது. உங்கள் 9, 14, 11 ஆகியவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள். வந்து வந்து மறைபவை எல்லாம் பலவீனமானவையாகத்தான் இருக்கும்.

ஆகவே ஒரு ஸ்கேனை ஒரு கணக்கெடுப்பாக நினைக்க வேண்டாம். தொடர்ந்து பல ஸ்கேன்கள் எடுத்து, எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் சேருங்கள். அட்டவணையின் சாவியாகப் பெயரை வைக்காதீர்கள். ஒரே பெயரில் இரண்டு கருவிகள் இருக்கலாம். பெயரை மறைத்து வைத்தவையும் இருக்கும். ஒவ்வொரு ரவுட்டருக்கும் உள்ள ஆறு பைட் வன்பொருள் முகவரியைச் சாவியாக வையுங்கள். பெயர் மறைத்தவையும் அறிவிப்பு அனுப்பாமல் இருப்பதில்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டு அனுப்புகின்றன, அவ்வளவுதான். ஸ்கேன் கட்டளையின் இரண்டாவது அளவுருவை உண்மை என்று வைத்தால் அவையும் பட்டியலில் வரும். ஒவ்வொரு முகவரிக்கும் கடைசியாகக் கேட்ட நேரத்தையும் சேர்த்து எழுதி வையுங்கள். சில நிமிடங்களில் பட்டியல் நிலைத்துவிடும்.

அந்தக் கட்டளையிலேயே ஒரு சேனலில் எவ்வளவு நேரம் நிற்பது என்பதையும் சொல்லலாம். ஈஎஸ்பி32 ஆர்டுயினோ லைப்ரரியில் இயல்பான அளவு 300 மில்லிவிநாடி. 13 சேனல்களுக்கு ஏறக்குறைய நான்கு விநாடி. இதை 100-க்குக் கீழே இறக்கி வேகமாக ஓட்டும் நிரல்கள் உண்டு. உங்கள் வேலைக்கு வேகம் வேண்டாம். தவிர, உங்களுக்குத் தேவை உங்கள் ரவுட்டர் ஒன்றுதான். அது எந்தச் சேனலில் இருக்கிறது என்று தெரிந்த பிறகு அந்த ஒரு சேனலை மட்டும் கேட்கச் சொல்லலாம். அதே நான்கு விநாடியில் பத்துக்கும் மேற்பட்ட அளவீடுகள் கிடைத்துவிடும்.

இனி -71, -79, -68 என்ற ஆட்டம். இங்கேதான் சற்று விரிவாகப் பேச வேண்டும்.

அந்த எண் டிபிஎம் என்ற மடக்கை அலகில் இருக்கிறது. ஒரு மில்லிவாட் சுழியம். அதற்குக் கீழே ஒவ்வொரு பத்துக்கும் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகிறது. மூன்று குறைந்தால் ஏறக்குறைய பாதி. -50 என்றால் 10 நானோவாட், -80 என்றால் 10 பிக்கோவாட். பார்க்க முப்பது எண் வித்தியாசம்தான், ஆனால் ஆற்றலில் ஆயிரம் மடங்கு. உங்கள் -68-க்கும் -79-க்கும் இடையிலேயே பன்னிரண்டு மடங்குக்கு மேல் வேறுபாடு இருக்கிறது.

மேசை அசையாதபோது இவ்வளவு ஏன் ஆடுகிறது? 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர். ரவுட்டரிலிருந்து புறப்பட்ட அலை ஒரே பாதையில் உங்களிடம் வருவதில்லை. தூணில் பட்டு, சுவரில் பட்டு, இரும்பு அலமாரியில் பட்டுப் பல பாதைகளில் வந்து உங்கள் ஆன்டெனாவில் கூடுகிறது. கூடும் இடத்தில் ஒன்றை ஒன்று வலுப்படுத்தலாம், அழிக்கவும் செய்யலாம். ஆன்டெனாவை மூன்று விரற்கடை நகர்த்தினால் போதும், கூட்டல் கழித்தலாகிவிடும். நீங்கள் நகர்த்தாவிட்டாலும் பக்கத்தில் ஒருவர் நடந்து போனால், ஒரு கதவு திறந்தால், பாதைகள் மாறிவிடும். மனித உடல் பெரும்பகுதி நீர்; இந்த அலைவரிசையை அது நன்றாக விழுங்கும். நீங்கள் ரவுட்டருக்கு முதுகு காட்டி, கருவியை நெஞ்சருகே பிடித்திருந்தால், உங்கள் உடம்பைத்தான் அளந்துகொண்டிருக்கிறீர்கள்.

நாங்கள் அளந்தபோது பின்பற்றிய ஒழுங்கைச் சொல்கிறேன். அதை அப்படியே கையாளுங்கள். கருவியைக் கையில் பிடிக்காதீர்கள். ஒரு மரமுக்காலியின் மேல் வையுங்கள், இரும்பு நாற்காலி வேண்டாம். எல்லா இடத்திலும் அதே உயரம், பலகை அதே திசை பார்க்கட்டும். மடிக்கணினி வைக்கும் மேசையின் உயரமே உங்களுக்குப் பொருத்தமானது, பிள்ளைகள் பயன்படுத்தப்போவது அந்த உயரத்தில்தான். பலகையின் நுனியில் வளைந்து வளைந்து ஓடும் செம்புக் கோடுதான் ஆன்டெனா. அதன் அடியிலும் அருகிலும் உலோகமோ வயரோ பவர் பேங்கோ இருக்கக் கூடாது. நீங்கள் சில அடி தள்ளி நில்லுங்கள். ஓரிடத்தில் அளவீடுகளை எடுத்து முடித்து, முக்காலியை ஒரு சாண் நகர்த்தி மறுபடி எடுங்கள், இன்னொரு பக்கம் நகர்த்தி மறுபடி எடுங்கள். கிடைத்த எல்லா எண்களையும் ஏறுவரிசையில் அடுக்கி நடுவில் இருப்பதை அந்த இடத்தின் அளவாக எழுதுங்கள். சராசரி வேண்டாம், நடு எண்தான் வேண்டும். மடக்கை எண்களைக் கூட்டி வகுத்தால் ஆற்றலின் உண்மையான சராசரி வராது. தவிர, ஒரே ஒரு மோசமான அளவீடு சராசரியைக் கீழே இழுத்துவிடும், நடு எண்ணை அசைக்காது.

இப்படி எடுத்த எண்ணும் ஒப்பீட்டுக்கு உரியதுதான். உங்கள் பலகை -70 என்று காட்டுவதை என் பலகை -74 என்று காட்டலாம். இவை அளவு திருத்தம் செய்யப்பட்ட மானிகள் அல்ல. ஆனால் ஒரே பலகையை ஒரே முறையில் வைத்து, இந்த இடத்தைவிட அந்த இடம் 12 டெசிபல் (இரு டிபிஎம் எண்களின் வேறுபாட்டுக்கு அலகு) மேல் என்று அது சொன்னால், அந்த 12-ஐ நம்பலாம். ரவுட்டரின் இடத்தைத் தீர்மானிக்க உங்களுக்கு வேண்டியதும் அதுவே.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பேருந்து நிலையத்தில் நடத்துநர் ஊர்ப்பெயரைக் கூவுவது கேட்டால் பேருந்து நிற்கிறது என்று தெரியும், உள்ளே எத்தனை பேர் நெருக்கியடித்து நிற்கிறார்கள் என்று தெரியாது. ஸ்கேன் கேட்பது அந்தக் கூவலைத்தான். ஆறாம் சேனலில் நான்கு பெயர்கள், பதினொன்றில் ஒன்றுதான் என்று பார்த்துப் பதினொன்றுக்குத் தாவுவார்கள் பலர். அந்த ஒன்றில் யாரோ இரவும் பகலும் படம் பார்த்துக்கொண்டிருக்கலாம். அந்த நான்கும் தூங்கிக்கொண்டிருக்கலாம். மைக்ரோவேவ் அடுப்பு, புளூடூத், கம்பியில்லாக் கண்காணிப்புக் கேமரா ஆகியவற்றின் இரைச்சலும் ஸ்கேன் பட்டியலில் ஒரு வரியாகக்கூட வராது. அதற்கு வேறு முறை இருக்கிறது. முதலில் வரைபடத்தை முடியுங்கள், அதைப் பிறகு பேசுவோம்.

வீட்டின் படம் ஒன்றைத் தாளில் வரைந்து, முகப்பிலிருந்து அடுப்படி வரை எண்களைக் குறித்துப் போடுங்கள். குறிப்பாக வளவின் நான்கு பக்கத் தாழ்வாரங்களையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். எனக்கு ஓர் எண்ணம் இருக்கிறது, உங்கள் எண்களைப் பார்த்த பிறகு சொல்கிறேன். இங்கே பதியும்போது அக்கம்பக்கத்தாரின் வன்பொருள் முகவரிகளை நீக்கிவிடுங்கள். அந்த முகவரிகளையும் அவை இருக்கும் இடத்தையும் இணைத்துச் சேர்த்து வைக்கும் பொதுத் தளங்கள் 2001 முதலே இருக்கின்றன. கைப்பேசிகள் இடத்தைக் கண்டுபிடிக்கவும் இத்தகைய தொகுப்புகள் உதவுகின்றன. அவர்கள் வீட்டின் இடத்தை நாம் ஊருக்கு அறிவிக்க வேண்டியதில்லை.

---

மின்மினி_கோவை எழுதியது:

ஐயா சொன்னதற்கு மேல் அளப்பதைப் பற்றிச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. பலகையைப் பற்றிய மிச்சக் கேள்விகளுக்கு நான் பதில் சொல்கிறேன், அண்ணா. உணரிக் கருவிகள் செய்யும் சிறு பட்டறை ஒன்றில் இந்தப் பலகைகளோடுதான் என் நாள் போகிறது.

மறுதொடக்கம்: ஸ்கேன் தொடங்கும்போது பலகை கேட்பது மட்டுமல்ல, 'யாரெல்லாம் இருக்கிறீர்கள்' என்று ஒவ்வொரு சேனலிலும் ஒரு வினாவையும் அனுப்புகிறது. அனுப்பும் கணத்தில் மின்னோட்டம் சட்டென்று எகிறும். 240 மில்லிஆம்பியர் வரை போகலாம். மெல்லிய, நீளமான யூஎஸ்பி கேபிளாக இருந்தால் அந்தக் கணத்தில் மின்னழுத்தம் தாழ்ந்து, பலகையின் காப்புச் சுற்று அதை நிறுத்தி மறுபடி தொடங்கும். நீங்கள் பார்த்த செய்தி இதுதான். அந்தக் காப்பையே நிரலில் அணைத்துவிடச் சொல்லும் ஆலோசனை இணையத்தில் நிறைய இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அழுத்தம் தாழ்ந்த நிலையில் ஓடும் பலகை தவறான எண்களைச் சேமிக்கும். குட்டையான, தடித்த கேபிள் போடுங்கள். 3.3 வோல்ட் பின்னுக்கும் தரைப் பின்னுக்கும் இடையில் 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை வையுங்கள். பெரும்பாலும் இத்தோடு தீர்ந்துவிடும்.

பவர் பேங்க் இன்னொரு வழியிலும் தொந்தரவு தரும். மின்னோட்டம் மிகக் குறைந்தால், எதுவும் செருகப்படவில்லை என்று நினைத்துப் பல பவர் பேங்குகள் தாமாகவே அணைந்துவிடும். ஸ்கேன்களுக்கு இடையில் பலகையை ஆழ்ந்த உறக்கத்துக்கு அனுப்பினால் இது நடக்கும். நீங்கள் உறங்க வைக்காமலே ஓட்டுங்கள்.

மின்கல அளவை ஒரு பின்னில் படிக்கும் எண்ணம் இருந்தால் 32 முதல் 39 வரையுள்ள பின்களை மட்டும் பயன்படுத்துங்கள். வைஃபை ஓடும்போது மற்ற அனலாக் பின்கள் படிக்காது. இது தெரியாமல் பலகையே பழுது என்று தூக்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

கைப்பேசியில் தெரிந்து இதில் தெரியாத பெயர் பெரும்பாலும் 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இருக்கும். ஈஎஸ்பி8266, ஈஎஸ்பி32, எஸ்3, சி3, சி6 ஆகிய சில்லுகள் எல்லாமே 2.4 மட்டும்தான் கேட்கும். புதிதாக வந்திருக்கும் சி5 என்ற சில்லு இரண்டையும் கேட்கும். உங்கள் வேலைக்கு அது தேவையில்லை. ஒரு முழச் சுவருக்கு முன் 5 கிகாஹெர்ட்ஸ் 2.4-ஐவிட விரைவாகத் தளர்ந்துவிடும்.

நிரலில் ஒன்று. பட்டியலைப் படித்து முடித்ததும் ஸ்கேன்டிலீட் கட்டளையைக் கொடுத்து நினைவகத்தை விடுவியுங்கள். திரையில் காட்டுவதற்காகச் சிறு சிறு எழுத்துச் சரங்களை ஒட்டி ஒட்டிப் பெரிய சரமாக்காதீர்கள். நீண்ட நேரம் ஓடும்போது நினைவகம் துண்டு துண்டாகிப்போகும். நேரடியாக ஒவ்வொன்றாக அச்சிடுங்கள்.

---

மூன்றாமாண்டு எழுதியது:

நானும் இதே பலகையில் ஒரு திட்டப்பணி செய்கிறேன். எங்கள் ஊர்த் தேர்த் திருவிழாவுக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று கைப்பேசிகளின் வைஃபை வினாக்களை வைத்து எண்ணலாமா? வன்பொருள் முகவரிகளைச் சேமித்து, திரும்ப வருபவர்களையும் கண்டுபிடிக்க முடியும் என்று படித்தேன். மற்றவர்களின் இணைப்பைத் துண்டித்துப் பார்க்கும் நிரலும் கிடைக்கிறது, அதை வகுப்பில் செய்துகாட்டலாமா?

---

அலைமானி எழுதியது:

தம்பி, இரண்டுக்கும் தனித்தனியாகச் சொல்கிறேன்.

எண்ணுவது இப்போது பெரும்பாலும் பொய்க்கும். 2014-இல் ஐபோனின் ஐஓஎஸ் 8 வந்தது முதல், வலையமைப்பைத் தேடும்போது கைப்பேசிகள் தங்கள் உண்மையான முகவரியைக் காட்டாமல் தற்காலிக முகவரி ஒன்றைப் போட்டுக்கொள்ளத் தொடங்கின. ஆண்ட்ராய்டும் அதே வழிக்கு வந்துவிட்டது. ஒரே கைப்பேசி உங்கள் கணக்கில் பலவாகத் தெரியும். முகவரியின் முதல் பைட்டில் ஒரு பிட் இருக்கிறது, அது ஒன்றாக இருந்தால் தற்காலிக முகவரி. அதை வைத்துப் பிரித்துப் பாருங்கள், மிஞ்சுவது எவ்வளவு குறைவு என்று தெரியும். 'ஏன் எண்ண முடியவில்லை' என்பதையே திட்டப்பணியாக வைத்தால் அது உண்மையிலேயே நல்ல திட்டப்பணி. யார் திரும்ப வந்தார் என்று பின்தொடர்வதை விட்டுவிடுங்கள். சாமி கும்பிட வந்தவர்கள் அதற்குச் சம்மதம் தரவில்லை.

துண்டித்தல் வேண்டவே வேண்டாம். நுழைய உரிமை உள்ளவரை நுழையவிடாமல் தடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆம் பிரிவில் சொல்லப்பட்டிருக்கும் விதிமீறல்களில் ஒன்று. வகுப்பறையில் செய்தாலும் அலை வகுப்பறைச் சுவரோடு நிற்காது. பக்கத்துக் கட்டடத்தில் யாராவது அந்த இணைப்பில் மருத்துவரோடு பேசிக்கொண்டிருக்கலாம். ஒலிபரப்பில் நாங்கள் முதலில் கற்ற பாடம், அடுத்தவன் அலைவரிசையில் கால் வைக்காதே என்பது. கேட்டுக் கற்றுக்கொள்ள இந்தப் பட்டையில் வேண்டிய அளவு இருக்கிறது.

---

பட்டாலைவாசகன் எழுதியது:

ஐயா, தங்கை, இருவருக்கும் மிக்க நன்றி. கேபிளை மாற்றியதும் மறுதொடக்கம் நின்றுவிட்டது. ஐயா சொன்னபடியே ஆச்சியின் பழைய மரமுக்காலியை எடுத்துக்கொண்டு வீடு முழுவதும் அளந்தேன். வாசகசாலைக்கு வரும் பிள்ளைகளே தாளில் எண்களைக் குறித்தார்கள். நடு எண் எது என்று அடுக்கிச் சொல்வதில் அவர்களுக்குள் பெரிய போட்டி.

ரவுட்டர் பட்டாலையின் உட்சுவரில் மரப்பலகையின் மேல் இருக்கிறது. அதே பட்டாலையில் -46. வளவின் கிழக்குத் தாழ்வாரம், அதாவது பட்டாலைக் கதவைத் தாண்டியதும் இருப்பது, -57. வளவின் வடக்குத் தாழ்வாரம் -66, தெற்கு -69. மேற்குத் தாழ்வாரம், முற்றத்துக்கு அந்தப்புறம், -63. நான் எதிர்பார்க்காதது இதுதான். தூரம் அதிகம், ஆனால் வடக்கையும் தெற்கையும்விட நன்றாக இருக்கிறது. அங்கிருந்து சுவரைக் கடந்து இரண்டாங்கட்டுக் கூடத்தில் -82. அடுப்படியில் -89, சில ஸ்கேன்களில் வருவதே இல்லை. பட்டாலைக் கதவைச் சாத்திவிட்டு அளந்தபோதும் எண்கள் பெரிதாக மாறவில்லை. தேக்குக் கதவு அலையைத் தடுப்பதாகத் தெரியவில்லை.

இரண்டாவது ரவுட்டரை மேற்குத் தாழ்வாரத்தில் வைத்து, முதல் ரவுட்டரின் அலையை வாங்கித் திருப்பி அனுப்பும்படி செய்துவிடலாமா?

---

அலைமானி எழுதியது:

நான் நினைத்தது உங்கள் எண்களில் இருக்கிறது. வளவு திறந்த முற்றம். பட்டாலை வாசலிலிருந்து மேற்குத் தாழ்வாரத்துக்கு அலை வெறும் காற்றில் போகிறது. வடக்கும் தெற்கும் பக்கத்தில் இருந்தாலும் அவற்றுக்குப் போகும் வழியில் சுவரின் மூலை நிற்கிறது. -63 எங்கே, -82 எங்கே! அந்த ஒரு சுவர் ஏறக்குறைய 19 டெசிபலை விழுங்குகிறது. நூறில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மறுபுறம் போய்ச் சேருகிறது. மழைக்காலத்தில் சுவர் ஈரம் கோத்தால் இன்னும் கூடுதலாக விழுங்கும்.

இதனால்தான் மேற்குத் தாழ்வாரத்தில் வைக்க வேண்டாம் என்கிறேன். அங்கே வைத்தால் புதிய ரவுட்டருக்கு நல்ல அலை கிடைக்கும், பிள்ளைகளுக்கு அதே சுவர் மறுபடியும் குறுக்கே நிற்கும். ரவுட்டர் சுவருக்கு அந்தப்புறம், கூடத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். கம்பியில்லாமல் வாங்கித் திருப்பி அனுப்பும் முறையும் வேண்டாம். ஒரே சேனலில் வாங்கவும் அனுப்பவும் மாறி மாறிச் செய்வதால் வேகம் பாதியாகிவிடும்.

ஈதர்நெட் கேபிள் ஒன்றைக் கொண்டுபோங்கள். செம்புக் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும், உங்கள் வீட்டுக்கு அது போதும். துளை தேவையில்லை: பட்டாலை நிலைக்கதவின் மேல்மூலை வழியாக வெளியே எடுத்து, தாழ்வார ஓட்டுக்குக் கீழே சட்டத்தை ஒட்டி ஆணியடிக்காமல் நூல்கயிற்றால் கட்டிக்கொண்டே போய், இரண்டாங்கட்டு நிலைக்கதவின் மேல் நுழைத்துவிடுங்கள். பங்காளிகள் யாரும் வருத்தப்பட இடமில்லை, வேண்டாம் என்றால் ஒரு மணி நேரத்தில் அவிழ்த்துவிடலாம். வெயிலும் மழையும் படும் இடத்துக்கு வெளிப்புறக் கேபிள் வாங்குங்கள். இரண்டாவது ரவுட்டரை, கேபிளில் வரும் இணைப்பை வைஃபையாகத் தரும் அணுகுமுனையாக மட்டும் அமையுங்கள். முகவரி வழங்கும் வேலையை முதல் ரவுட்டரே பார்க்கட்டும். இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல்.

சேனலைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்றேனே. சேனல் எண்களுக்கு இடையில் 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி, ஒவ்வொரு ரவுட்டரும் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் பரவுகிறது. ஆகவே ஒன்றோடு ஒன்று உரசாமல் இருக்க வழக்கமாகப் பயன்படுத்துபவை 1, 6, 11. காலியாக இருக்கிறதே என்று 3-க்கோ 9-க்கோ போகாதீர்கள். ஒரே சேனலில் இருப்பவர்கள் ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியும், முறைவைத்துப் பேசிக்கொள்வார்கள். பாதி உரசும் சேனலில் இருப்பவன் இருவருக்கும் வெறும் இரைச்சல். முதல் ரவுட்டர் 1-இல் இருந்தால் இரண்டாவதற்கு 6 அல்லது 11. இந்த இரண்டில் எது என்பதைத் தீர்மானிக்க, பலகையை எல்லாவற்றையும் கேட்கும் நிலையில் வைத்து, ஒவ்வொரு சேனலிலும் ஒரு நிமிடம் நின்று எத்தனை சட்டகங்கள் (அலையில் போகும் தரவுத் துண்டுகள்) போகின்றன, மொத்தம் எத்தனை பைட் என்று மட்டும் எண்ணுங்கள். உள்ளடக்கத்தைச் சேமிக்க வேண்டாம், தேவையும் இல்லை. பிள்ளைகள் படிக்கும் மாலை நேரத்திலேயே எண்ணுங்கள். அதிகாலையில் எண்ணிய கணக்கு மாலைக்கு உதவாது.

---

பட்டாலைவாசகன் எழுதியது:

அப்படியே செய்கிறேன் ஐயா. நூல்கயிற்று யோசனையைப் பெரியப்பாவிடம் சொன்னேன், உடனே சம்மதித்துவிட்டார். தங்கை, ஒன்று மிச்சம் இருக்கிறது. புதிய வலையமைப்புக்குத் தமிழில் 'வளவு வாசகசாலை' என்று பெயர் வைக்கப் பிள்ளைகள் கேட்கிறார்கள். ரவுட்டர் ஏற்க மறுக்கிறது. திரையிலும் தமிழ் தெரியவில்லை. தமிழில் பெயர் வைக்க முடியாதா?

---

மின்மினி_கோவை எழுதியது:

முடியும் அண்ணா, கட்டாயம் வையுங்கள். வலையமைப்பின் பெயருக்கு எல்லை 32 எழுத்து அல்ல, 32 பைட். எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றும் யுடிஎஃப்-8 குறியீட்டில் தமிழின் ஒவ்வோர் உயிரும், மெய்யின் உடலும், புள்ளியும், கால், கொம்பு போன்ற குறிகளும் தனித்தனியாக 3 பைட் எடுத்துக்கொள்ளும். ஆக, மொத்தம் பத்துக் குறிகள்தான் அடங்கும். 'வளவு வாசகசாலை' என்பதில் பன்னிரண்டு குறிகளும் ஓர் இடைவெளியும் இருக்கின்றன, 37 பைட். அதனால்தான் மறுக்கிறது. 'வாசகசாலை' மட்டும் என்றால் எட்டுக் குறி, 24 பைட், தாராளமாக அடங்கும்.

திரையில் தெரியாததற்குக் காரணம் பலகை அல்ல. பெயர் பைட் பிசகாமல் வந்து சேர்ந்துவிடுகிறது. கணினியின் சீரியல் மானிட்டரில் பார்த்தால் தமிழாகவே தெரியும். ஓலெட் லைப்ரரியின் இயல்பான எழுத்துருவில் தமிழ் இல்லை. தமிழ் எழுத்துருவைச் சேர்த்தாலும், 'லை'யில் மெய்க்குப் பின் சேமிக்கப்படும் குறி, திரையில் அதற்கு முன் வர வேண்டும். அந்த இடமாற்றத்தைச் செய்யும் வேலை கைப்பேசியிலும் கணினியிலும் இருக்கிறது, இந்தச் சிறு லைப்ரரியில் இல்லை.

எளிய வழி, முடிவுகளைத் திரையில் காட்டாமல் பலகையே ஒரு சிறு வலைப்பக்கமாகக் கைப்பேசிக்கு அனுப்புவது. பலகையை அணுகுமுனையாகவும் ஸ்கேன் செய்பவராகவும் ஒரே நேரத்தில் ஓட்டலாம். ஸ்கேன் நடக்கும்போது அது மற்ற சேனல்களுக்குப் போய்விடுவதால் கைப்பேசியின் இணைப்பு சில விநாடி திணறும். ஆகவே பக்கம் தானாகப் புதுப்பிக்கும்படி வைக்காதீர்கள். பிள்ளைகள் பொத்தானை அழுத்தும்போது மட்டும் ஸ்கேன் ஓடட்டும், முடிந்து ஐந்து விநாடி கழித்துப் பட்டியலைக் கேட்கும்படி எழுதுங்கள். பக்கத்தின் தலைப்பகுதியில் யுடிஎஃப்-8 என்று அறிவிக்க மறக்க வேண்டாம். என்னிடம் ஓடும் நிரல் இருக்கிறது, குறிப்புகளைத் தமிழில் எழுதி இந்த வார இறுதிக்குள் இங்கே பதிகிறேன்.